பெட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்

சம்பள நாளில் தோட்டத்துக்கு வியாபாரிகள் வருவது நமக்குப் புதிதல்ல. சேலைக்காரர் வந்தார், அலுமினியப் பாத்திரக்காரர் வந்தார், பிறகு தொலைக்காட்சிப் பெட்டியும் பிளாஸ்டிக் கதிரையும் தவணைக்கு வந்தன. இப்போது லொறியிலிருந்து இறங்குவது பெட்டரி சைக்கிள். பெரட்டுக்களத்தடியில் நான்கைந்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒரு பையனை ஏற்றி ஒரு சுற்று ஓட விடுகிறார்கள். பெற்றோல் வேண்டாம், சத்தம் இல்லை, முற்பணம் கொஞ்சம் கட்டினால் போதும், மீதியை மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

இந்தக் கடைசி வார்த்தைதான் சங்கத்தை இதற்குள் இழுத்திருக்கிறது. சம்பளத்தில் பிடிப்பதற்குச் சங்கம் சம்மதம் கொடுக்க வேண்டும் என்று சில தோட்டத் தலைவர்களும் பல இளைஞர்களும் கேட்டு வருகிறார்கள். நமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டிக்கு நாம் எதிரி இல்லை. ஆனால் இன்று கையில் கொடுக்கப்படும் பத்திரத்துக்கு நாம் சம்மதம் சொல்ல மாட்டோம். காரணம் பெட்டரி. தவணை 36 மாதம் என்று எழுதியிருக்கிறது, பெட்டரிக்கு உத்தரவாதம் 12 மாதம் என்று எழுதியிருக்கிறது. நடுவில் இருக்கும் 24 மாதம் யாருடைய தலையில் விழும் என்று எங்கும் எழுதவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு வண்டி என்று கேட்கிறவர்கள் நமக்குள்ளேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது பிள்ளைகளில் பாதிப்பேர் இன்று மலையில் வேலை செய்வதில்லை. டவுனில் கடையில், ஹோட்டலில், தையல் தொழிற்சாலையில், முன்பள்ளியில் வேலை. காலை பஸ்ஸைப் பிடிக்க மூன்று நான்கு மைல் நடக்க வேண்டும். இரவு கடை சாத்தி வரும்போது கடைசி பஸ் போயிருக்கும். ஆட்டோவுக்குக் கொடுத்தால் அன்றைய கூலியில் மிஞ்சுவது கொஞ்சம்தான். டவுனில் கிடைத்த வேலையைப் போக்குவரத்துக்காகவே விட்டுவிட்ட பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, நாம் படிப்பித்த வகுப்புகளிலிருந்தே பெயர் சொல்லிக் காட்டலாம். அவர்களுக்கு வண்டி ஆடம்பரம் இல்லை.

இந்த வண்டிகளை நாம் 2022 முதல் பார்த்து வருகிறோம். அந்த வருடம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான். வரிசையில் இரவு முழுக்கக் கிடந்தவர்கள் அப்போது தாலிக்கொடியை அடகு வைத்துக்கூட பெட்டரி சைக்கிள் தேடி வாங்கினார்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடியும் திறக்கப்பட்ட பிறகு கடைகளில் வகை வகையாக நிற்கின்றன. முதலில் வாங்கியவர்களின் வண்டிகள் இன்று எப்படி இருக்கின்றன என்று போய்ப் பார்ப்பதுதான் புதிதாக வாங்க நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை. கடைக்காரரிடம் கேட்பதை விட, மூன்று வருடம் வைத்திருக்கும் பக்கத்து லயத்துக்காரரிடம் கேளுங்கள்.

அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே கதைதான். முதல் வருடம் வண்டியைப் புகழாத வாய் இல்லை. பிரேக் கட்டையும் டயரும் தவிர செலவே இல்லை. இரண்டாவது வருடத்தில் ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கும். முன்பு இரண்டு தடவை டவுனுக்குப் போய் வந்த சார்ஜ், ஒரு தடவைக்கும் கொஞ்சத்துக்கும்தான் வரும். மழையில் நனைந்து கன்ட்ரோலர் ஒரு தடவை பழுதாகும். உதிரிப்பாகத்துக்கு வாங்கிய கடைக்குப் போனால், அந்தக் கடையில் இப்போது கைத்தொலைபேசி விற்பார்கள். மூன்றாம் வருடத்தில் வண்டி ஒன்றில் புதுப் பெட்டரியோடு ஓடும், அல்லது இஸ்தோப்பில் துணி காயப்போடும் கம்பியாக நிற்கும். மேல் டிவிசனில் ஒரு அண்ணன் நம்மிடம் சொன்னார்: "சேர், எறக்கத்துல அது என்னைய ஏத்திக்கிட்டுப் போகுது. ஏத்தத்துல நான் அதைத் தள்ளிக்கிட்டு வாறேன்." அவரிடம் இருப்பது மிதி இல்லாத, ஸ்கூட்டர் மாதிரியான கனமான வண்டி.

ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். விற்பனைக்காரர்கள் சொல்லும் 40 கிலோமீற்றர், 50 கிலோமீற்றர் எல்லாம் சமதரைக் கணக்கு. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அது சரியாக இருக்கலாம். நமக்கு வேறு கணக்கு. தரம் 10 பிள்ளைக்கே தெரிந்த கணக்குத்தான் அது. வண்டி 25 கிலோ, ஆள் 65 கிலோ, அரிசி மா சாமான் 30 கிலோ, ஆக 120 கிலோ. டவுனிலிருந்து லயம் 300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 120 கிலோவை 300 மீற்றர் தூக்குவதற்கு மட்டும் கிட்டத்தட்ட 98 வொட்-மணி மின்சாரம் வேண்டும். மோட்டார் சூடாகி வீணாவது, ரோட்டின் உராய்வு எல்லாம் சேர்த்தால் 150ஐத் தாண்டும். இந்த எடை குறைந்த சைக்கிள்களில் வரும் பெட்டரி பெரும்பாலும் 36 வோல்ட், 10 அம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 360 வொட்-மணி. அப்படியானால் ஒரு தடவை வீட்டுக்கு ஏறி வந்தாலே பாதிப் பெட்டரி போகிறது. இறங்கும்போது செலவில்லை என்பதால் ஒரு சார்ஜில் இரண்டு தடவை போய் வரலாம். 6 கிலோமீற்றர் தூரம் என்றால் மொத்தம் 24 கிலோமீற்றர். நமது மலையில் "40 கிலோமீற்றர்" என்பதன் அர்த்தம் இதுதான்.

மோட்டாரின் பலத்தையும் இப்படியே பார்க்கலாம். பத்து அடி போனால் ஒரு அடி ஏறும் ரோட்டில், அந்த 120 கிலோவை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக 330 வொட் வேண்டும். 250 வொட் மோட்டார் தனியாக அதைச் செய்யாது, காலும் சேர்ந்து மிதிக்க வேண்டும். பின்னால் இன்னொருவரை ஏற்றினால் 480 வொட்டுக்குப் போகும். அப்போது மோட்டார் சூடாகி, பெட்டரி இறங்கி, இரண்டுமே சீக்கிரம் கெடும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட ரோடு வளைந்து வளைந்து ஏறுவதால் ஓரளவு தாங்கும். லயத்துக்குப் போகும் குறுக்குக் கொங்கிரீட் பாதைதான் வண்டியைக் கொல்கிறது. வாங்குவதற்கு முன் பெரட்டுக்களத்தில் ஒரு சுற்று ஓடிப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு மூட்டை அரிசியைக் கட்டி உங்கள் லயம் வரை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

இதனால்தான் எடை குறைந்த, மிதிக்கக்கூடிய வண்டியே நமக்குச் சரி என்று நினைக்கிறோம். பார்வைக்கு ஸ்கூட்டர் மாதிரி இருப்பது அழகுதான், வேகமும் கூட. ஆனால் சார்ஜ் தீர்ந்த ஸ்கூட்டரை ஏற்றத்தில் தள்ளுவது சாதாரண வேலை இல்லை. 25 கிலோ சைக்கிளை மிதிக்கலாம், முடியாவிட்டால் உருட்டலாம், லயத்துப் படிக்கட்டில் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைக்கலாம். பெட்டரியைக் கழற்றித் தனியாக எடுத்துப் போகலாம். விலையும் குறைவு.

பெட்டரி இரண்டு வகையாக வருகிறது. ஈயப் பெட்டரி, லிதியம் பெட்டரி. ஈயம் மலிவு. நான்கு பெட்டரி சேர்த்து 48 வோல்ட், 15 கிலோவுக்கு மேல் கனம். அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் சில வாரம் போட்டு வைத்தாலே பழுதாகிவிடும். தினமும் அடிமட்டம் வரை இறக்கி ஏற்றினால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் போவதே பெரிது. ஆனால் பழசை எடைக்கு விற்றால் கொஞ்சம் பணம் வரும். லிதியம் இரண்டு மூன்று கிலோதான், விலை கூட, ஆயுளும் கூட. முழுதாக இறக்கி முழுதாக ஏற்றுவதை ஒரு சுற்று என்று எடுத்தால், சாதாரண லிதியம் பெட்டரி 500 சுற்று வரை நன்றாக உழைக்கும். நல்லதாக இருந்து, நன்றாகப் பார்த்துக்கொண்டால் 800 வரைக்கும் போகும். அதற்குப் பிறகும் ஓடும், ஆனால் பழைய தூரம் வராது. பழைய லிதியத்தை எடைக்கு வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். வாங்கிய கடை திருப்பி எடுக்குமா என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். (எந்தப் பெட்டரியையும் வீட்டடியில் உடைக்க வேண்டாம், ஓடையில் எறியவும் வேண்டாம். ஈயம் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.)

இனிப் பணக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறுவதால், கணக்கு விளங்குவதற்காக ஒரு தொகையை எடுத்துக்கொள்வோம். வண்டி 250,000 ரூபா, புது லிதியம் பெட்டரி 75,000 ரூபா. நீங்கள் உங்கள் வண்டியின் விலையைப் போட்டுப் பார்க்கலாம்.

டவுனுக்குத் தினமும் இரண்டு தடவை, மாதத்தில் 25 நாள் போய் வரும் ஒருவருக்கு மாதம் 600 கிலோமீற்றர் ஆகும். பெற்றோல் மோட்டார் சைக்கிள் என்றால் நமது ரோட்டில் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்று 15 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 4,500 ரூபா. பெட்டரி சைக்கிளுக்கு ஒரு முழுச் சார்ஜ் அரை யூனிட்டுக்கும் குறைவு, மாதம் 10 யூனிட் சொச்சம். யூனிட் 30 ரூபா என்றாலும் 300 ரூபாதான். ஆக மாதம் 4,200 ரூபா மிச்சம். இதுவரைக்கும் விற்பனைக்காரர் சொல்வது உண்மை.

இப்போது பெட்டரியைச் சேருங்கள். தினமும் ஒரு முழுச் சார்ஜ், மாதம் 25 சுற்று. 500 சுற்று 20 மாதத்தில் முடிகிறது. அதற்குள் பெற்றோலில் மிச்சம் பிடித்தது 84,000. புதுப் பெட்டரிக்குப் போவது 75,000. இருபது மாதம் ஓடிக் கையில் நிற்பது 9,000 ரூபா! அதே பெட்டரியை 30 மாதம் வரை காப்பாற்றினால் மிச்சம் 126,000, பெட்டரி போக 51,000 நிற்கும். ஆகவே பெட்டரி சைக்கிள் இலாபமா நட்டமா என்பது பெற்றோல் விலையில் இல்லை. அந்தப் பெட்டரி எத்தனை மாதம் உயிரோடு இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இன்னொரு சின்ன விடயம், மின்சாரப் பட்டியல். 30, 60, 90 யூனிட் என்று படி படியாகக் கட்டணம் ஏறுவது உங்களுக்குத் தெரியும். 55 யூனிட் எரிக்கும் வீடு இந்தப் பத்து யூனிட்டால் 65க்குப் போனால், ஏறுவது பத்து யூனிட்டின் விலை மட்டும் அல்ல. உங்கள் கடந்த மூன்று மாதப் பட்டியலை எடுத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மீற்றரில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருந்தால் இது சண்டையில் போய் முடியும்.

தவணைக்கு வருவோம். 50,000 முற்பணம் கட்டி, 200,000 ரூபாவை மூன்று வருடத் தவணைக்கு எடுக்கிறீர்கள். "வருடத்துக்கு 20 வீதம்தான் அண்ணே" என்பார். அவர் சொல்வது தட்டை வட்டி. கடன் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழு 200,000க்கும் வட்டி போடப்படும். மூன்று வருட வட்டி 120,000. மாதத் தவணை 8,889 ரூபா. குறைந்துபோகும் கடனுக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி வருடத்துக்கு 33 வீதத்தைத் தாண்டுகிறது. முற்பணத்தோடு 250,000 ரூபா வண்டிக்கு நீங்கள் கட்டுவது 370,000.

2024இல் போராடிப் பெற்ற அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 25 நாளும் வேலை கொடுத்தால் 33,750. எத்தனை தோட்டத்தில் 25 நாள் வேலை கொடுக்கிறார்கள் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. கடன், முற்பணம், சங்கச் சந்தா, கோயில் பணம் எல்லாம் பிடித்த சம்பளத் துண்டில் இன்னும் 8,889 பிடித்தால் என்ன மிஞ்சும்? அந்தத் துண்டு பெரும்பாலும் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். வண்டியில் போவது மகன். கையெழுத்துப் போடுவது அம்மா. பிணை நிற்பது அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் இரண்டு பெண்கள். தவணை இரண்டு மாதம் தவறினால் வண்டியை சீஸ் பண்ணிக்கொண்டு போகிறார்கள், வண்டி போன பிறகும் மீதிக் கடனுக்கு அந்த மூன்று பெண்களையும் தேடி லயத்துக்கு வருகிறார்கள். நுண்கடன்காரர் வந்தபோது கொல்லைப்புறத்தில் ஒளிந்த அம்மாமாரை நாம் மறக்கவில்லை. மாதர் சங்கத் தலைவிமார் இதைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும். வண்டி வாங்கும் வீட்டில் அம்மாவும் அக்காவும் அதை ஓட்டப் பழகட்டும் என்பதும் நமது கருத்து. சம்பளம் அவர்களுடையது, கால்வலியும் அவர்களுடையது.

20ஆவது மாதத்தில் பெட்டரி இளைத்துவிட்டால் இன்னும் 16 தவணை பாக்கி இருக்கும். ஓடாத வண்டிக்கு 8,889 ரூபாவும் கட்ட வேண்டும், புதுப் பெட்டரிக்கு 75,000மும் தேட வேண்டும். வண்டி ஓடாததால் டவுன் வேலைக்குப் போக முடியாமல் வருமானமும் நிற்கும். நாம் பயப்படுவது இந்த இடத்துக்குத்தான். அதனால்தான் சம்பளத்தில் பிடிக்கும் எந்தத் திட்டத்துக்கும் சங்கம் சம்மதிப்பதென்றால், பெட்டரியின் உத்தரவாதம் தவணை முடியும் மாதம் வரை இருக்க வேண்டும் என்கிறோம். உத்தரவாதம் ஒரு வருடம் என்றால் தவணையும் ஒரு வருடம்தான். உத்தரவாதம் மூன்று வருடம் என்றால் தவணையும் மூன்று வருடம் இருக்கட்டும். பெட்டரி எத்தனை வீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றிக் கொடுப்பார்கள், புதுப் பெட்டரியின் இன்றைய விலை என்ன, அதை எங்கே வாங்கலாம், முழுத் தொகையாக நாம் கட்டுவது எவ்வளவு என்பதெல்லாம் தமிழில் எழுதி, ஒரு பிரதி வாங்குபவர் கையில் இருக்க வேண்டும். பிணைக்கு இன்னொரு தொழிலாளியின் சம்பளத் துண்டைக் கேட்கக் கூடாது. இதைக் கேட்டதும் ஒரு விற்பனைக்காரர் "அப்படிக் கொடுத்தால் எங்களுக்குக் கட்டாது" என்றார். மூன்று வருடம் பெட்டரி உழைக்கும் என்று அவர்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் நமக்கு எப்படி வரும்?

வாரத்தில் ஒரு நாள் சந்தைக்குப் போக மட்டும் வண்டி தேடுபவர் வாங்க வேண்டாம் என்றே சொல்வோம். ஓடாமல் நின்றாலும் பெட்டரி கிழடாகும். தினமும் வேலைக்குப் போய்ப் பணம் கொண்டுவருபவருக்குத்தான் இது பொருந்தும். அவரும் கையில் உள்ள பணத்தில், அல்லது சீட்டுப் பிடித்து வாங்க முடிந்தால் வட்டியாக 120,000 ரூபா மிச்சம். பத்துப் பேர் மாதம் 20,000 போடுவது இன்றைய நிலையில் கஷ்டம்தான், இருபது பேர் 10,000 போடலாம். கடைசியில் எடுப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஏற்றம் ஏறி வந்த உடனே சார்ஜில் போட வேண்டாம், பெட்டரி அரை மணி நேரம் ஆறட்டும். தினமும் நூறு வீதம் ஏற்றத் தேவையில்லை, எண்பது தொண்ணூறில் கழற்றினால் ஆயுள் கூடும். அடியோடு இறக்கவும் வேண்டாம். ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டி நிற்கும் என்றால் பாதிச் சார்ஜில் விட்டுப் போங்கள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு சார்ஜர் போடக் கூடாது. குழாயைப் பிடித்து அடித்துக் கழுவாதீர்கள், துணியால் துடைத்தால் போதும். தென்மேற்குப் பருவ மழை மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கன்ட்ரோலருக்கு ஒரு ரப்பர் உறை போடுவது நல்லது. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் நுவரெலியாப் பக்கத்துக்காரர்கள் பெட்டரியை இரவில் வெளியில் விடாமல் உள்ளே எடுத்து வையுங்கள். உறையும் குளிரில் லிதியத்துக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள் பழுதாகும். பிரேக்கை மாதம் ஒரு தடவை பாருங்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் வெட்கம்தான், இறக்கத்தில் நிற்காவிட்டால் உயிர் போகும்.

ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். உள்ளே வைக்கலாம், உள்ளே சார்ஜ் ஏற்றக் கூடாது. நமது லயம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், ஒரே கூரை, பழைய வயரிங், உள்ளே விறகும் துணியும். லயம் பற்றி எரிந்து முழு வரிசையும் தெருவில் நின்ற செய்தியை வருடா வருடம் படிக்கிறோம். லிதியம் பெட்டரி பற்றினால் அந்தத் தீ ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்காது, புகையும் நஞ்சு. வாசற்படியில் வண்டியை நிறுத்தி இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுத் தூங்குவதை நாம் பல வீடுகளில் பார்த்திருக்கிறோம். தீப் பிடித்தால் வெளியே வரும் வழி அந்த வாசல்தானே! விழித்திருக்கும் நேரத்தில், இஸ்தோப்புக்கு வெளியே, மழை படாத இடத்தில் ஏற்றுங்கள். வீங்கிய பெட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பெட்டரி என்றால் ஏற்றவே வேண்டாம்.

இது தனி ஆட்களின் கவனத்தோடு முடிகிற காரியம் இல்லை என்பதால் நிர்வாகத்திடமும் நமக்குக் கேட்க இருக்கிறது. லயத்திலிருந்து தள்ளி, சீமெந்துத் தரையும் கூரையும் போட்ட ஒரு சின்னக் கொட்டகை, தனி மீற்றரோடு டிவிசனுக்கு ஒன்று போதும். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. மின்சாரப் பணத்தைப் பாவிப்பவர்கள் கட்டுவார்கள். துரைமாரிடம் இதைப் பேசியபோது "வீட்டுக்கே வயரிங் மாற்றப் பணம் இல்லை" என்ற பதில்தான் வந்தது. அந்த வயரிங்கையும் சேர்த்தே கேட்கிறோம். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்தபோது லயமும் ரோடும் அதோடுதான் போயின.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 14 அங்குலச் சக்கரம் வைத்த வண்டி நமது தோட்ட ரோட்டுக் குழியில் இறங்கினால் கம்பி உடையாமல் என்ன செய்யும்? பிரதேச சபையிடம் போனால் தோட்ட ரோட்டில் கை வைக்க முடியாது என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்குத் தடையாக இருந்தது. அந்தப் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. இன்றும் அதே பதிலைச் சொல்லும் உறுப்பினர் இருந்தால், அந்த வருடத்தை ஞாபகப்படுத்துங்கள். ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வந்தவர்கள்தானே.

வண்டி திருத்தத் தெரிந்த ஆட்கள் நமக்குள்ளேயே உருவாக வேண்டும் என்பதும் நமது விருப்பம். ஒரு மல்டிமீற்றர் பிடித்து எந்தப் பெட்டரி செத்திருக்கிறது என்று பார்க்கவும், கன்ட்ரோலர் மாற்றவும் ஓ.எல். முடித்த பிள்ளைகள் சில மாதத்தில் படிக்கலாம். பெட்டரியைத் திறந்து செல் மாற்றுவது வேறு, அதைப் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது. எந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகள் இதற்கு விருப்பமாக இருக்கிறார்கள் என்று இளைஞர் அணியினர் பெயர் எடுத்துத் தாருங்கள்.

அடுத்த தோட்டத் தலைவர், தலைவிமார் கூட்டத்தில் சம்பளப் பிடி விடயம் எடுக்கப்படும். அதற்கு முன், ஏற்கனவே தவணைக்கு எடுத்தவர்கள் உங்கள் பத்திரத்தையும் தவணை கட்டிய துண்டுகளையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துக்கொண்டு, சம்பளம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதியிருந்தால் வாசித்து விளக்கம் சொல்ல ஆள் இருப்பார்கள். பிணைக்குக் கையெழுத்துப் போட்டவர்களும் கூடவே வரவும். இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள், வெற்றுப் பத்திரத்தின் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கி முதலில் நம்மிடம் காட்டுங்கள். பிரதி தர மாட்டேன் என்றால், அந்தக் கம்பனியின் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் போதும்.